ஈரக் குரல்

அத்தியாயம் 14

மென்று விழுங்க முடியாத மனிதரைப் பார்க்கப் பழக்கூடையோடு வருகிறவர்களை என்ன செய்யலாம்? போன வாரம் சின்னவர் அப்படித்தான் வாசலில் வந்து நின்றார். கூடையைச் சுற்றிப் பளபளவென்று காகிதம், மேலே ஒரு ரிப்பன். உள்ளே வந்ததும் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். பழமெல்லாம் இப்போது சமையலறையில் அழுகிக்கொண்டிருக்கிறது. அந்த நாற்றத்தோடுதான் இந்த வாரம் ஆரம்பிக்கிறது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் தம்பி இரண்டு பேருமாக நடத்துவது ஒரு தேயிலைக் கம்பெனி. வியாபாரம் சின்னவர் பொறுப்பு, ருசி பெரியவர் பொறுப்பு. பெரியவர் டீ டேஸ்டர். ஊரே டீயைக் குடித்துப் பிழைத்தால் அவர் துப்பிப் பிழைத்தவர். ஒரு கரண்டி எடுத்து, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுழற்று சுழற்றி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு, ஆகும் அல்லது ஆகாது என்பார். அவ்வளவுதான். கம்பெனியில் அவருக்குப் பெயரே 'நாக்கு'தான்.

அந்த நாக்கின் மேல் பக்கவாதம் விழுந்தது. வலது கை, வலது கால், வாயின் வலது பாதி. பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. விழுங்குவதுதான் வரவில்லை. தண்ணீராக ஓடுகிற எதைக் கொடுத்தாலும் வழி தவறி மூச்சுக்குழாயில் இறங்கிவிடுகிறது. இரண்டு தடவை நுரையீரலில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டாயிற்று. இன்னொரு தடவை இப்படி ஆனால் வாய் வழியாக எதுவும் கிடையாது, வயிற்றில் துளை போட்டுக் குழாய்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இன்று சாயங்காலம் விழுங்கும் சோதனை. தேறிவிட்டால் சாதாரணத் தண்ணீர், சாதாரண டீ. தேறாவிட்டால் அந்தக் குழாய்தான். இன்றைய கதை இதைச் சுற்றித்தான்.

காலையில் பெரியவரின் மனைவி டீ போட்டாள். கொஞ்சம் ஆறியதும் டப்பாவிலிருந்து வெள்ளை மாவை அளந்து போட்டுக் கலக்கினாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த மாவு. எதில் கலந்தாலும் இறுகி, தொண்டையில் மெதுவாக இறங்குகிற பதத்துக்கு வந்துவிடும். நல்ல கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கரண்டியைத் தூக்கினால் டீ கரண்டியை விட மாட்டேன் என்று இழுத்துக்கொண்டே வரும். நிறம் டீயின் நிறம். பதம் ஜலதோஷக்காரனின் கைக்குட்டைப் பதம். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"தாடையைத் தாழ்த்துங்க."

தாழ்த்தினார். ஒரு கரண்டி. குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள்.

"ஆ சொல்லுங்க."

"ஆ."

குரல் காய்ந்திருந்தது. நல்லது. குரலில் தண்ணீர் கொழகொழத்தால்தான் ஆபத்து. உள்ளே போனது தப்பான வழியில் போயிருக்கிறது என்று அர்த்தம். புரையேறி இருமுவார் என்று காத்திருக்காதீங்க, இவருக்கு அந்த இருமலே வராது என்று ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

இரண்டாவது கரண்டியில் பாதி, வலது கடைவாய் வழியாகத் திரும்பி வந்தது. கன்னத்தில் வழிந்து, தாடையில் தொங்கி, சொட்டலாமா வேண்டாமா என்று யோசித்தது. அவள் சிரித்த முகத்தோடு துண்டால் துடைத்தாள். அந்தச் சிரிப்பைக் காலையில் எழுந்ததும் மாட்டிக்கொள்வாள்.

உள்ளே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

இதில்தான் வேடிக்கை. அவள் ஒரு பெரிய ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் பிரிவுக்கு மேற்பார்வையாளர். கல்யாண கோஷ்டி காலி செய்துவிட்டுப் போன அறைகளைப் பார்த்தவள். கம்பளத்தில் வாந்தி, குளியலறையில் சொல்லக் கூடாதது, எதற்கும் மூக்கைப் பொத்தியதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்கள் முகத்தைச் சுளித்தால், "அழுக்குக்கு எதுக்குடி வெக்கப்படறீங்க, பண்ணினவன்ல வெக்கப்படணும்" என்று அதட்டுவாள். ஆனால் அங்கே பண்ணினவன் யாரோ. கதவைச் சாத்தினால் மறந்துபோகிற யாரோ. இங்கே அப்படி இல்லையே. இது அவள் முத்தமிட்ட வாய்.

கிண்ணம் காலியானதும் பெரியவர் இடது கையால் சமையலறைப் பக்கம் காட்டினார்.

"போ... சாப்பிடு."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரைப் பார்த்துக்கொண்டு அவளால் ஒரு வாய் சாப்பிட முடியாது என்பது அவருக்குத் தெரியும். இதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு நாள்கூடப் பேசியதில்லை. அவள் சமையலறையில் நின்றபடியே, ஹாலுக்கு முதுகு காட்டி, அழுகிய பழ வாசனையில் அவசர அவசரமாகச் சாப்பிட்டாள். தன் மேலேயே அவளுக்கு ஒரு வெறுப்பு வந்தது. அதையும் சேர்த்து விழுங்கினாள்.

சின்னவர் வந்தபோது மகள் கிளம்பிக்கொண்டிருந்தாள். மகளுக்கு இருபத்தாறு வயது. கம்பெனி சாம்பிள் ரூமில் அப்பாவின் மேஜைக்குப் பக்கத்து மேஜையில் தொழில் கற்றுக்கொள்கிறாள். வீட்டில் இன்னமும் பாப்பாதான்.

"அண்ணி, இன்னைக்கு நீங்க அந்த மீட்டிங்குக்குப் போயிட்டு வாங்க," என்றார் சின்னவர். கழுத்துவரை சென்ட் வாசனை. "அண்ணாவை நான் பார்த்துக்கறேன். நாலு பேரைப் பார்த்தா அவருக்கும் ஒரு மாறுதலா இருக்கும். கம்பெனிக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்."

மீட்டிங் என்றது, பக்கவாதம் வந்தவர்களின் வீட்டு ஆட்களுக்காக ஆஸ்பத்திரியில் மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டத்தை. தெரபிஸ்ட் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போயிருந்தாள். பெரியவரின் மனைவியோ ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வாம்மா. நான் அப்பா கூடவே இருக்கேன்ல."

"தம்பி, எதுவும் குடுக்கக் கூடாது. தண்ணி, டீ, ஒண்ணும். அவரே கேட்டாலும்."

"ஒரு சொட்டு உள்ளே போகாது அண்ணி. என் மேல நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இல்லைதான். ஆனாலும் இரண்டு மணி நேரம் அந்த வாயைத் துடைக்காமல் இருக்கலாம் என்ற நினைப்பு அவளைத் தள்ளிக்கொண்டு போய்ப் பஸ்ஸில் ஏற்றிவிட்டது.

கூட்டம் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், சக்கர நாற்காலிகளை அடுக்கிவைக்கும் அறைக்குப் பக்கத்தில் நடந்தது. வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரில் ஒரு போஸ்டர். சக்கர நாற்காலியில் ஒரு கிழவர், பின்னால் அவர் மனைவி, இரண்டு பேருக்கும் முப்பத்திரண்டு பல்லும் தெரிகிற சிரிப்பு. அந்த மனைவியின் புடவையில் ஒரு கறை இல்லை, தோளில் ஒரு துண்டு இல்லை. படம் எடுத்தவன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இப்படிப்பட்ட வீட்டில் தங்கியிருந்தால் அதை ஒட்டியிருக்க மாட்டான்.

கூட்டத்தை நடத்திய தொண்டர் அம்மாள் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். "உங்க வாழ்க்கைல நன்றி சொல்ல வேண்டிய மூணு விஷயத்தை நினைச்சுக்குங்க."

கண்ணை மூடினார்கள்.

"எனக்கு நன்றியெல்லாம் வரலைங்க," என்றது ஒரு ஆண் குரல். எதிரே உட்கார்ந்திருந்த கனத்த மனிதர். பஸ் டிரைவராக இருந்து, மனைவிக்காக வேலையை விட்டவர். "எனக்கு அருவருப்பா இருக்கு. மன்னிச்சுக்குங்க. கண்ணை மூடினா அதுதான் வருது."

தொண்டர் அம்மாள் திகைத்துப் போனார். "அப்படியெல்லாம் சொல்லக் கூடாதுங்க, அவங்க உங்க..."

"பொண்டாட்டிதாங்க. தெரியும். அதனாலதான் சொல்றேன். பஸ்ல எவனாவது வாந்தி எடுத்தா மண்ணைக் கொட்டி அள்ளிட்டு அடுத்த ட்ரிப் எடுப்பேன். இவ வாயைத் தொடைக்கறப்போ மட்டும் கை பின்னால போகுது. ஏன்னு எனக்கே புரியல."

யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. மூலையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். தன் மாமனாரின் பல்செட்டைப் பற்றிச் சொன்னாள். இன்னொருத்தி டயபரைப் பற்றி. ஒருவர், அம்மாவுக்குச் சோறூட்டிய கையால் தான் சாப்பிடுவதில்லை, எத்தனை சோப்பு போட்டாலும் கரண்டிதான் என்றார். அறை முழுக்க அசிங்கம் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தது. தொண்டர் அம்மாள் பாவம், நன்றியை எழுதி வாங்கக் கொண்டுவந்த சீட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார்.

பெரியவரின் மனைவி, தான் பேசுவோம் என்று அவளே நினைக்கவில்லை.

"நான் அவருக்கு முதுகு காட்டித்தான் சாப்பிடறேன்," என்றாள். "அவருக்கும் தெரியும். எனக்கு வசதியா இருக்கட்டும்னு அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கறார். அதுதாங்க எனக்குத் தாங்கல. இன்னைக்கு சாயங்காலம் அவருக்கு டெஸ்ட். தேறலைன்னா குழாய். உண்மையைச் சொன்னா... தேறக் கூடாதுன்னு ஒரு மூலைல நினைப்பு வருது. குழாய் போட்டுட்டா அந்த வாயோட எனக்கு வேலையே இல்லையே."

சொல்லி முடித்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. பக்கத்திலிருந்த பெண் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் வீட்டுக்காரிக்குப் போட்டாச்சு," என்றார் பஸ் டிரைவர். "முதல் வாரம் சொர்க்கம். மருந்து, கஞ்சி எல்லாம் குழாய்லயே ஊத்திட்டுப் போயிட்டே இருப்பேன். அப்புறம் ஒரு நாள் கவனிக்கறேன், காலைலேர்ந்து அவ முகத்தையே நான் பார்க்கல. பார்க்கறதுக்கு ஒரு வேலையும் இல்லாம போச்சு. போடாதீங்கன்னு சொல்லல தங்கச்சி. சில பேருக்கு வேற வழியே கிடையாது, அவ உயிரோட இருக்கறதே அதனாலதான். இதுவும் இருக்குன்னு சொல்றேன், அவ்வளவுதான்."

இவள் இங்கே மனதைக் கழுவிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கம்பெனி சாம்பிள் ரூமில் நடந்த கூத்தைக் கேளுங்கள்.

நீள மேஜையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் அந்தந்தத் தேயிலையின் சாம்பிள். மேஜை ஓரத்தில் சக்கரம் வைத்த துப்பும் தொட்டி. சின்னவர் அண்ணனுக்குப் புதுச் சட்டை போட்டு, தலையை வாரி, மேஜைக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார். வலது பக்கம் சாயாமல் இருக்க நாற்காலி முதுகில் ஒரு தலையணை. வாடிக்கையாக மொத்தமாக வாங்குகிற பெரிய வியாபாரி வருகிறார். போனில் அவர் கேட்ட முதல் கேள்வியே, 'நாக்கு இருக்காரா?'

"சித்தப்பா, அம்மா எதுவும் குடுக்கக் கூடாதுன்னாங்க," என்றாள் மகள்.

"குடிக்கவா சொல்றேன்? எந்த டேஸ்டர் குடிச்சிருக்கான், சொல்லு. வாயில வெச்சு துப்பப் போறார். துப்பறது எப்படி பாப்பா உள்ளே போகும்?"

வேறு எந்த வீட்டிலும் இந்த வாதம் எடுபட்டிருக்காது. வாயில் திரவம் போகக் கூடாது என்றால் போகக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இவர்கள் தலைமுறை தலைமுறையாகத் துப்புகிறவர்கள். வாயில் வைப்பது வேறு, உள்ளே விடுவது வேறு என்பது இவர்களுக்குப் பால்குடி காலத்துப் பாடம். மகளுக்கும் அது சரியென்றே பட்டது.

அது மட்டுமில்லை. கோப்பைகளைப் பார்த்ததும் அப்பாவின் கண் மாறிவிட்டது. மாசக்கணக்காக அந்தக் கண்ணில் இல்லாத ஒன்று வந்து உட்கார்ந்தது. இடது கை தானாகக் கரண்டியைத் தேடியது. அதைப் பார்த்த பிறகு எந்தப் பெண்ணுக்குத்தான் மறுக்க மனம் வரும்? அவளே முதல் கோப்பையை நீட்டினாள்.

சர்ரென்று உறிஞ்சினார். பழைய சத்தத்தில் பாதி. சுழற்றினார். துப்பினார். பாதி தொட்டியில், பாதி புதுச் சட்டையில்.

"ஆகும்," என்றார்.

வியாபாரி கைதட்டினார். சின்னவர் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார். அண்ணன் தாடையில் வழிவது படத்தில் வராதபடி ஓரமாக நின்று பிடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது கோப்பை. ஆகும்.

மூன்றாவது கோப்பையை உறிஞ்சியதும் பெரியவர் முகம் கோணியது. இந்தத் தடவை கோணியது இடது பாதி. வேகமாகத் துப்பினார்.

"ச்சீ."

சின்னவரின் செல்போன் கீழே இறங்கியது.

"பூ... பூசணம்."

வியாபாரி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். மூன்றாவதுதான் சின்னவர் மலிவாகப் பிடித்துப் போட்டிருந்த தேயிலைச் சரக்கு. அதைத் தள்ளிவிடத்தான் இத்தனை ஏற்பாடு. சின்னவர் ஒரு நொடி யோசித்தார். ஒரே நொடி.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்," என்று சிரித்தார். "ஸ்ட்ரோக் வந்ததிலேர்ந்து அண்ணாவுக்கு நாக்கு செத்துப்போச்சு. ஒரு மரியாதைக்காகக் கூட்டிட்டு வந்து உட்கார வெச்சிருக்கேன்."

முதல் இரண்டு கோப்பைக்கு உயிரோடு இருந்த நாக்கு மூன்றாவது கோப்பைக்குச் செத்துவிட்டது! சென்ட் எவ்வளவு போட்டாலும் சில பேரிடம் நாற்றம் போகாது. பெரியவர் தம்பியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். சின்னவர் வியாபாரியின் தோளில் கை போட்டு வெளியே அழைத்துக்கொண்டு போனார்.

மகள் மூன்றாவது கோப்பையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சினாள். நாவின் பின்பக்கம் ஈரச் சாக்கு வாசனை அடித்தது. துப்பினாள். மறுபடி எடுத்தாள். அதேதான். பூசணமேதான். அப்பா சொன்னது சரி! அவளுக்குக் கோபத்தை முந்திக்கொண்டு சந்தோஷம் வந்தது. போனை எடுத்தாள்.

"அம்மா! அப்பாவோட நாக்கு அப்படியே இருக்குமா! எனக்கே தெரியாத பூசணத்தை ஒரே உறிஞ்சுல கண்டுபிடிச்சுட்டார்!"

"உறிஞ்சுலயா?" கூட்டத்திலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள் அவள். "பாப்பா, என்ன குடுத்தீங்க?"

"குடுக்கலம்மா, டேஸ்ட் பண்ணிட்டுத் துப்பிட்டார். இருமக்கூட இல்ல."

"போனை அவர் வாய்கிட்ட பிடி. ஆ சொல்லச் சொல்லு."

"ஆ சொல்லுங்கப்பா."

"ஆ..."

குரல் கொழகொழவென்று வந்தது. தண்ணீருக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்த அவள் அப்போதே வார்டுப் பக்கம் திரும்பி நடந்தாள்.

"வண்டியைப் பிடி பாப்பா. நேரா இங்கே கூட்டிட்டு வா. படுக்க வைக்காதே, உட்கார வெச்சே கொண்டு வா."

சோதனை ரத்தாகிவிட்டது. இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு என்னத்தைச் சோதிப்பது? தெரபிஸ்ட், பெரியவரின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த டாக்டரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"துப்பினார் மேடம், நான் பக்கத்துலயே இருந்தேன்," என்றாள் மகள் பரிதாபமாக.

"நீங்க துப்பினதைப் பார்த்தீங்க," என்றாள் தெரபிஸ்ட். "உறிஞ்சினப்போ என்ன ஆச்சுன்னு பார்க்க முடியாது. நாம உறிஞ்சறப்போ காத்தை உள்ளே இழுக்கறோம். காத்து போற வழி எது? மூச்சுக்குழாய். சாதாரண ஆளுக்குத் தொண்டை உடனே மூடிக்கும். இவருக்கு மூடாது. அவருக்குக் குடுக்கக் கூடாததுலயே முதல்ல நிக்கறது இதுதான்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சின்னவர் வந்து சேர்ந்தார். வியாபாரம் முடிந்த முகமா முறிந்த முகமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்: "யார் குடுத்தது? எவ்வளவு?"

"வீட்டுலதான் ஏதாவது குடுத்திருப்பாங்க டாக்டர்," என்றார் சின்னவர் சட்டென்று. "அண்ணியும் பாவம் எவ்வளவுதான் பார்ப்பாங்க. நான் சும்மா வெளிய காத்தாடக் கூட்டிட்டுப் போனேன்."

அவளுக்கு அந்த ஆளைப் பார்த்துக் கோபம்கூட வரவில்லை. ஹோட்டல் அறையில் கட்டிலுக்கு அடியிலிருந்து எதையோ இழுத்துப் போட்டபோது வருகிற உணர்ச்சிதான் வந்தது. ஆனால் அவள் பேசுமுன் மகள் பேசினாள்.

"பொய் சொல்றார் டாக்டர். கம்பெனில வெச்சு மூணு கப். கப்பை நீட்டினது நான். ஏற்பாடு பண்ணினது இவர். படம்கூட எடுத்திருக்கார், அந்தப் போன்ல இருக்கு, வாங்கிப் பாருங்க."

"பாப்பா, யார்கிட்ட என்ன பேசறே? நாளைக்கு நீ எந்த மேஜைல உட்காருவேன்னு யோசிச்சுப் பேசு!"

"உட்காரல சித்தப்பா. அந்தப் பூசணத்தை நீங்களே உறிஞ்சுங்க."

சின்னவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். போகிற போக்கில் அண்ணியின் காதுக்கருகே குனிந்தார். "சொன்னா கேளுங்க அண்ணி. குழாயைப் போட்டுடுங்க. உங்களுக்கும் கஷ்டம் விட்டுது. எத்தனை நாளைக்கு அந்த எச்சிலைத் துடைப்பீங்க?"

அவள் விறைத்து நின்றாள். காலையிலிருந்து அவள் மனதின் மூலையில் ஓடிய அதே வார்த்தைகள். இவன் வாயிலிருந்து, இந்த சென்ட் வாசனையோடு. தானும் இவனும் ஒரே பக்கம் நிற்கிறோமா? அதைவிடக் கேவலமாக அவள் தன்னை ஒருநாளும் உணர்ந்ததில்லை.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். மருந்து ஆரம்பித்தாயிற்று. சளி கட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். கட்டிவிட்டால் மூன்றாவது தடவை, அப்புறம் பேச்சே கிடையாது; இப்போதைக்கு இரண்டு வழி. நாளைக்குக் குழாய் போட நேரம் ஒதுக்கலாம். அல்லது மருந்தோடு காத்திருந்து, கெட்டிப் பதத்திலேயே இன்னும் கொஞ்ச காலம் பயிற்சியைத் தொடரலாம். அதில் ஆபத்து இருக்கிறது, கரண்டி கரண்டியாகப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க ஆளும் வேண்டும். "அவருக்குப் புரியும். அவர்கிட்டயும் பேசுங்க. இப்ப வந்துடறேன்." குழாய்க்கான சம்மதக் காகிதத்தையும் பேனாவையும் அவள் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து வார்டுக்குப் போனார்.

பெரியவர் தலைமாட்டை உயர்த்திய கட்டிலில் சாய்ந்திருந்தார். புதுச் சட்டையில் டீக் கறை. கடைவாயில் எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் துண்டை எடுக்கவில்லை. காலையில் மாட்டிய சிரிப்பும் முகத்தில் இல்லை. நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்னங்க. குழாய் போடணும்னு சொல்றாங்க. உங்களுக்கு எது வேணும்?"

சொற்கள் ஒவ்வொன்றாக, ஈரத்தோடு வந்தன.

"உனக்கு... எது... சுலபம்?"

'எனக்கென்னங்க கஷ்டம்' என்ற வாக்கியம் அவளிடம் தயாராக இருந்தது. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். இன்று பார்த்த, கேட்ட, முகர்ந்த எல்லா அசிங்கத்தையும்விட அதுதான் அவளுக்கு இப்போது குமட்டியது.

"குழாய்தாங்க," என்றாள். "குழாய்தான் எனக்குச் சுலபம்."

"அம்மா!" என்றாள் மகள்.

"சும்மா இரு பாப்பா. அவர் கேட்டார், நான் சொல்றேன்."

பெரியவர் முகத்தில் வருத்தம் தெரியவில்லை. வெகுநாளாகக் காத்திருந்த பதில் வந்துவிட்ட மாதிரி மூச்சை விட்டார். "தெரியும்," என்றார். இடது கையை நீட்டினார். "பேனா."

அவள் பேனாவை இறுக்கிக்கொண்டாள்.

"தர மாட்டேன். நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல. எனக்கு எது சுலபம்னு கேட்டீங்க, சொல்லிட்டேன். உங்களுக்கு எது வேணும்?"

அவர் தலையை அசைத்தார். மறுபடி கையை நீட்டினார்.

"சொல்லுங்க. என்கிட்ட பொய் சொல்லாதீங்க."

அவர் உதட்டைக் கூட்டப் பார்த்தார். இடது பாதி கூடியது, வலது பாதி வரவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்தது. எவ்வளவோ முயன்று, எச்சிலும் சொல்லுமாக வெளியே வந்தது.

"வாய்... வேணும்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனதில் இருந்ததை இரண்டு பேரும் சொல்லியாயிற்று. இருவர் சொன்னதும் ஒன்றாக இல்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு டாக்டர் உள்ளே வந்தார்.

"என்னம்மா, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"